அப்பா குறைத்த மூன்று வயது

என் செல்லத் தம்பி குமரேசா,

போன இடத்தில் வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது அங்கே வந்து சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட, அக்கா சொல்லித் தெரிந்துகொள்வது நல்லது. நம் டிபன் கடையை மூடிவிட்டோம். நேற்றுக் காலை வியாபாரத்தோடு சரி.

திட்டாதே. உன் மனைவி செல்வி தன்னால் முடிந்தவரை இழுத்துப் பிடித்தாள். நானும் தினமும் நூம்பலிலிருந்து இரண்டு வண்டி மாறி கள்ளிக்குப்பம் வந்து சட்னி அரைத்தேன், பரிமாறினேன், வாய் ஓயாமல் எல்லோரையும் அதட்டினேன். நீ போன பிறகும் உன் திதியன்று தவிர அந்த அடுப்பை அணையவிடவில்லை. இதற்கு மேல் எங்களால் முடியவில்லை, அவ்வளவுதான்.

விலைவாசியைப் பற்றி உனக்கு எப்படிப் புரியவைப்பது? நீ இருந்தபோதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஏறியது கொஞ்ச நாளில் இறங்கிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தோமே, அந்த நம்பிக்கை இப்போது போய்விட்டது. ஒன்றாம் தேதி என்றால் சம்பளக்காரர்களுக்குச் சந்தோஷம்; எங்களுக்குத் திண்டாட்டம். கடை சிலிண்டருக்கு அன்றைக்குத்தான் புது விலை போடுவார்கள். ஒரு மாதம் பிச்சை போடுவதுபோல் கொஞ்சம் குறைப்பார்கள், அடுத்த மாதமே வட்டியோடு பிடுங்கிக்கொள்வார்கள்.

உளுந்து, துவரம்பருப்பு, எண்ணெய், பார்சல் கட்டும் பேப்பர் வரை எதையும் தொட முடியவில்லை. தக்காளி ஒரு வாரம் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், மறு வாரம் எடைபோடவே யோசிப்பார்கள். டிவியில் கோட் போட்ட ஒருவர் வந்து பணவீக்கம் கட்டுக்குள் இருக்கிறது என்றார். செல்வி பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவரைப் பார்த்து, "எங்க கடைக்கு ஒரு நாள் வந்து கல்லாவுல நில்லு சார்" என்றாள். நான் டிவியை அணைத்துவிட்டேன்.

விலையை ஏற்ற மனமில்லாமல் அவள் சின்னக் குழி இட்லித் தட்டு வாங்கினாள். பட்டறையில் லேத்து ஓட்டும் நம் பாஸ்கர் விடுவாரா? தட்டைத் தூக்கிப் பார்த்து, "இன்னாக்கா, இட்லி டயட்ல கீதா?" என்றார். கடையே சிரித்தது. செல்வியும் சிரித்தாள். பிறகு உள்ளே போய் மாவு டிரம்முக்குப் பக்கத்தில் நின்று அழுதாள், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

அப்புறம் வேறு வழியில்லாமல் விலையை ஏற்றினோம். யாரும் சண்டை போடவில்லை. நான்கு இட்லி சாப்பிட்டவர்கள் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போனார்கள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்து மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? கேட்காமலேயே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றியிருப்பாய். உன் தாராளத்தால் கடை எந்தக் காலத்திலும் லாபத்தில் ஓடவில்லை, அதையும் சொல்லிவைக்கிறேன்.

நேற்றுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தபோது எனக்கு அந்த ஊசியின் ஞாபகம் வந்துவிட்டது. கடைக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்கிறாயா? எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

உன்னைப் பள்ளியில் சேர்க்க அப்பா தூக்கிக்கொண்டு போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊரில் எல்லோரும் செய்வதுதான். பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? ஹெட்மாஸ்டர் தோராயமாக ஒன்றைப் போடுவார். அப்பா அவரிடம், "சார், பையனுக்கு ரெண்டு மூணு வயசு கொறைச்சிப் போட்டுக்கோங்க. பின்னால சர்க்கார் வேலைக்குப் போவும்போது வயசு மிச்சமாவும்" என்றார். அவரும் தாராளமாக மூன்று வருடத்தைக் குறைத்துவிட்டார். பெண் எதற்கு சர்க்கார் வேலைக்குப் போகப் போகிறாள் என்று எனக்கு யாரும் எதையும் குறைக்கவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஏதோ நிலம் எழுதி வாங்கிவிட்டு வந்தவர் மாதிரிச் சொன்னார். நீ ஒரே ஒரு பரீட்சை எழுதினாய். தேறவில்லை. வேன் ஓட்டினாய், பிறகு கடை போட்டாய். அப்பா மிச்சம் பிடித்துக் கொடுத்த மூன்று வருடம் எதற்கும் உதவாமல் அப்படியே உன் ஆதார் அட்டையில் உட்கார்ந்திருந்தது.

நாற்பத்தைந்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கொரோனா ஊசி என்று சொன்னதும் நாம் எல்லோரும் சேர்ந்துதானே போனோம்? நீ கடையைச் சாத்திவிட்டு, தலை சீவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்தாய். எனக்குப் போட்டார்கள். உன் அட்டையைப் பார்த்த பெண் தலையை ஆட்டினாள். "அண்ணா, உங்களுக்கு இன்னும் வயசு ஆவல. அப்புறமா சொல்லுவாங்க, அப்ப வாங்க."

"யம்மா, நெஜத்துல எனக்கு நாப்பத்தாறு ஆவுதும்மா. எங்க நைனா ஸ்கூல்ல கொறைச்சிப் போட்டுட்டாரு. தோ, எங்க அக்கா கீறாங்க, நீயே கேட்டுப்பாரு."

"நான் இன்னாண்ணா பண்றது? கார்டுல கீறதத்தான் கம்ப்யூட்டர் எடுக்கும்."

நானும் சாட்சி சொன்னேன். அம்மா உன்னை வயிற்றில் சுமந்தபோது எனக்கு அம்மை போட்டிருந்ததைக்கூடச் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து, "ஊர்ல எல்லாரும் வயசக் கொறைச்சிச் சொல்லுவான், நான் ஒருத்தன்தான் கூட்டிச் சொல்றேன், நம்ப மாட்றாங்க" என்றாய். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. மருந்து எல்லோருக்கும் போதாது என்று தெரிந்தும், எங்கோ உட்கார்ந்து வயதில் ஒரு கோடு போட்டு, தினமும் நூறு பேருக்கு நடுவில் நிற்கிறவனையும் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறவனையும் அட்டையைப் பார்த்துப் பிரித்தார்களே, அவர்கள் மேல்தான் கோபம்.

பிறகு வயது வரம்பை எடுத்தார்கள். எடுத்தும் என்ன? போனில் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். உன் மகள் பிரியா கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். இடம் இருக்கிறது என்று காட்டும், பெயரை அடிப்பதற்குள் தீர்ந்துவிடும். பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் மட்டும் காசு கொடுத்தால் உடனே போடுவார்கள் என்று அவள் சொன்னாள். அதே மருந்துதான். நீ விலையைக் கேட்டுவிட்டு, "அந்தக் காசுக்கு ஒரு மூட்டை இட்லி அரிசி வந்துடும். சும்மா போடும்போது போட்டுக்கலாம், வுடு" என்றாய். எண்ணெய் விலை எகிறிக்கொண்டிருந்த நேரம். நாங்களும் சரி என்றுதான் நினைத்தோம்.

அரிசி வந்தது. அந்த மூட்டை தீருவதற்குள் நீ போய்விட்டாய்.

பக்கத்து எஸ்டேட் கம்பெனிகளில் ஷிப்டு நடந்ததால் நீ பார்சல் கட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தாய். அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்தது, உனக்கும் வந்தது. எனக்கு இரண்டு நாள் உடம்பு வலியோடு போயிற்று. உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஒரு ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாயா? டாக்டரைக் கேட்டேன், உறுதியாகச் சொல்ல முடியாதம்மா என்றார். எனக்கும் தெரியாது. ஆனால் நான் எழுந்து நடமாடுகிறேனே, குமரேசா, அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

உன் முகத்தைக்கூட சரியாகக் காட்டவில்லை. சுற்றிக் கட்டியதைக் காட்டி இதுதான் என்றார்கள். செல்வி அதை நம்பாமல் பல நாள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவாள்.

அடுத்த மாதமே எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்தார்கள். மழைக்காலத்துக்குள் தெருவுக்குத் தெரு முகாம். ஊசி போட வந்தால் பரிசு என்று சில இடங்களில் ஆசை காட்டிக்கூட அழைத்தார்கள். ஒரு நாள் நோட்டும் பேனாவுமாக ஒரு அம்மா உன் வீட்டு வாசலுக்கு வந்து, "இந்த ஊட்ல குமரேசன்னு ஒருத்தர் இன்னும் ஊசி போடலையே, வரச் சொல்லுங்க. கையோட போட்டுட்டுப் போறேன்" என்று கேட்டார். செல்வி மாலை போட்ட உன் படத்தைக் காட்டினாள். அந்த அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

இப்போது யாருக்கும் அதெல்லாம் ஞாபகமில்லை. கொரோனா என்றால் ஏதோ பழைய மழை வெள்ளத்தைப் பேசுவதுபோல் பேசுகிறார்கள். நாங்கள் மட்டும் அங்கேயே நின்றுவிட்டோம். விலை மட்டும் நிற்காமல் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. பிரியாவுக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது; அவள் சம்பளம் வீட்டு வாடகைக்கும் பஸ்ஸுக்கும் போகிறது. செல்வி திங்கட்கிழமையிலிருந்து வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பெருக்கித் துடைக்கப் போகிறாள். ஊருக்கே டிபன் போட்டவள் இனி யார் வீட்டிலோ மீந்ததைச் சாப்பிடுவாளா?

நேற்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பாஸ்கர் சாப்பிட்டுக் கை கழுவியும் கிளம்பாமல் நின்றார். கடையைச் சுற்றிப் பார்த்தார். "அண்ணாத்தே இருந்திருந்தா இப்டி வுட்டுருப்பாரா? இன்னா பண்றது, எல்லாம் விதிக்கா" என்றார். பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார். இத்தனை வருடத்தில் அதைச் சொல்லாதவர்கள் யார்? நானே சொல்லியிருக்கிறேன்.

செல்வி தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரிப் பேச்சு வந்தால் எப்போதும் தலையைக் குனிந்துகொள்கிறவள். நேற்று நிமிர்ந்தாள்.

"விதி இல்லண்ணா. ஊசி இருந்துச்சு. என் எதுர்லயே அடுத்தவங்களுக்குப் போட்டாங்க. இவருக்கு இல்லன்னுட்டாங்க. வெலையும் வானத்துலருந்தா வுழுது? எவனோ உக்காந்துக்கினு போடறான். நம்மளக் கேட்டானா?"

அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, கடைசித் தட்டைக் கழுவ உட்கார்ந்தாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி என் காதுபட எவர் உன் சாவை விதி என்று சொன்னாலும், கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும், பக்கத்தில் உட்கார வைத்து முழுவதையும் சொல்லாமல் விடமாட்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒன்றும் ஆகாது. நீயும் திரும்பி வரமாட்டாய், அடுப்பும் எரியாது. இருந்தாலும் சொல்வேன். நீ தானாகப் போகவில்லை, தம்பி.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த உன் அக்கா,
வசந்தி