கீர்த்தியை ஹாஸ்டலுக்கு அனுப்புவதாக இல்லை

காலடிப்பேட்டை
ஜனவரி 4

அன்பு மகன் ஜோபினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் இங்கே நானும் மருமகள் மகிமாவும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம், தோஹாவில் நீயும் சுகமாக இருந்து வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இது என் கையெழுத்துதான், சந்தேகப்படாதே. சர்ச் ஹாலில் நடக்கிற முதியோர் கல்வி வகுப்பில் உன் அப்பன் பாஸ். ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிப்போகிறது, ஆனாலும் என்ன சந்தோஷம் தெரியுமா. போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், இதில் நான் முடிக்கிற வரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கீர்த்தி கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்மில் வந்து நின்றாள் என்று கேள்விப்பட்டு நீ போனில் கத்தினாய், ஜூனில் அவளைப் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் சேர்த்துவிடுங்கள் என்றாய். நடந்ததை முழுக்கக் கேள். நம் குடும்பத்து வழக்கப்படி பிள்ளைகளுக்கு ஒரே துணியில் எடுக்கச் சொன்னது நீதான், பார்க்கிறவர்கள் அக்கா தங்கை என்று சொல்ல வேண்டும் என்றாய். மகிமாவும் வண்ணாரப்பேட்டைக்குப் போய் நீலத்தில் வெள்ளிப் பூப் போட்ட துணியை ஒரே பீஸாக வாங்கி, உன் மகள் கிருபைக்கும் தன் மகள் கீர்த்திக்கும் தைத்துவிட்டாள். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. கீர்த்தி அதைத் தொடவே இல்லை. நாங்க இன்னா பேண்டு செட்டா, ஒரே கலர்ல நின்னுகினு வாசிக்கப் போறமா என்று கேட்டாள். சர்ச்சில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், பக்கத்துத் தெரு ஞானபாக்கியம், ஏம்மா இன்னிக்கும் பரீட்சையா என்று வேறு கேட்டுவைத்தாள். மகிமா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள். அன்று நீ போனில் கத்தியது ஸ்பீக்கரில் கீர்த்திக்கும் கேட்டுவிட்டது. உடனே துணிமணியைப் பையில் திணித்துக் கட்டி, எர்ணாவூர்ல எங்க அத்த வூட்டாண்ட வுட்டுடுங்கோ பெரியவரே என்றாள். மே மாதம் உன் கல்யாணம் முடிந்து அவள் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் தாத்தா இல்லை, பெரியவர்தான், பஸ்ஸில் இடம் கேட்கிற மாதிரி.

நீலம் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். நீலம் நல்லாத்தான் கீது, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா, எங்கப்பா இருந்தப்போ கடையில நான்தான் எடுப்பேன், அவரு பையைத் தூக்கிகினு பின்னாடி நிப்பாரு என்றாள். இறந்துபோன அந்த மனிதரைப் பற்றி இந்த வீட்டில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பையை வைத்துவிட்டு வா என்று சொல்லி, புது வருஷத்துக்குத் துணி எடுக்க இரண்டு பேரையும் மெட்ரோவில் வண்ணாரப்பேட்டைக்குக் கூட்டிப்போய், நான் பின்னால் நின்றுகொண்டேன். கீர்த்தி எடுத்தது கறுப்பு. கடைக்காரத் தம்பி, புது வருசத்துக்குக் கறுப்பா தாத்தா என்று என்னைப் பார்த்தான். எனக்கும் மனசு ஒப்பவில்லை, ஆனாலும் பில் போடுப்பா என்றேன். கிருபை தனக்கும் அதே கறுப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். உனுக்கு இன்னாத்துக்குடி கறுப்பு, நீ கொட்டிக்கிற பவுடருக்குக் கலீஜாத் தெரியும் என்று கீர்த்தி திட்டிக்கொண்டே, தானே தேடி ஒரு மஞ்சளை எடுத்து அவள் தோளில் வைத்துப் பார்த்தாள். ஆராதனையில் ஒருத்தி கறுப்பு ஒருத்தி மஞ்சள், உட்கார்ந்தது ஒரே பெஞ்சில்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அந்தப் பை இன்னும் கட்டினபடியேதான் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இருக்கட்டும், நானும் இருக்கிறேன். ஹாஸ்டல் பேச்சு மட்டும் இத்தோடு முடிந்தது. நேற்றே ஹாஸ்டல் வார்டனுக்குப் போன் போட்டு, நீ கேட்டுவைத்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையைக் கூட்டிவந்து, ஒரு துணிக்காக வெளியே அனுப்புகிற வேலை என் உயிர் இருக்கும்வரை இந்த வீட்டில் நடக்காது. மகிமாவையும் திட்டாதே, இரண்டு பக்கமும் இழுபடுகிறவள் அவள்தான்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. குளிரில் வெறும் சட்டையோடு வேலைக்குப் போகாதே. ஒன்றை மறந்துவிடாதே. நீ எப்போது வருகிறாய் என்று கீர்த்தி கேட்டாள். பாசத்தில் கேட்கவில்லை, அவள் இருப்பது உன் பழைய அறை, காலி பண்ணச் சொல்வாயோ என்று பயம். ஞாயிற்றுக்கிழமை அவளையே கூப்பிட்டுப் பேசு. ஊருக்கு வந்தால் உன் பெட்டியை எங்கே வைக்கலாம் என்று அவளைக் கேள்.

இப்படிக்கு
உன் அப்பா
தேவப்பிரியம்