உன் படத்தில் வரும் வாப்பா

கிண்ணியா,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்புள்ள மகள் றுமானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நீயும் அந்த மெல்பேண் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு, நோய் நொடியின்றி இருக்க வேண்டும் என்பதே எங்கள் துஆ. நான் வாய் திறக்காமல் இருந்தது போதும், அதனால்தான் இந்தக் கடிதம். ஏழு கிழமைக்கு முன் உன் படத்தை அனுப்பி, பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்லுங்கள் வாப்பா என்றாய். கூடவே ஒரு சம்மதப் படிவமும் வந்தது. படத்தில் என்னைப் பற்றி வருபவை எல்லாம் உண்மை, காட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் கையெழுத்து வைத்து, மூலப் பிரதியைத் தபாலில் போட வேண்டுமாம். அடுத்த மாதம் திருகோணமலை நகர மண்டபத்தில் திரையிடுவதற்கு முன் அது உன் கைக்கு வந்தாக வேண்டுமாம். அதற்குப் பிறகு நீ தொலைபேசியில் கேட்ட போதெல்லாம் மழையைப் பற்றியும் உம்மாவின் முழங்காலைப் பற்றியும் கதைத்துத் தப்பிக்கொண்டேன். (முழங்கால் இப்போது பரவாயில்லை, ஆனால் சொன்னால் கேட்காமல் குந்தியிருந்துதான் மீன் வெட்டுகிறா.)

படங்களைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டவர்கள் இந்த ஊரில் குறைவு என்பது உனக்குத் தெரியும். போன மாதம் றுவைஸ் மாமா தன் வீட்டுப் பெரிய தொலைக்காட்சியில் சென்னையில் எடுத்த ஒரு படம் போட்டார், எங்கள் பகுதிக் கதையாம். கதாநாயகன் வெளிக்கடலைப் பார்த்து நிற்கிறான், சூரியன் அந்தக் கடலுக்குள் இறங்குகிறது. எங்களுக்கு அந்தப் பக்கம் சூரியன் எழும்பும், இறங்காது என்று சொல்ல அத்தனை பெரிய படக்குழுவில் ஒருவரும் இருக்கவில்லை. ஒவ்வொரு வசனத்தின் வாலிலும் ஓர் 'ஓம்' கட்டிவிட்டால் இலங்கைத் தமிழ் ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். கதாநாயகனுக்கு ஒரு முஸ்லிம் நண்பன், பெரிய தாடி, பெரிய மனது. அவன் வந்த உடனேயே நான் றுவைஸிடம், இவன் இடைவேளைக்கு முன் கதாநாயகனுக்காகச் சாவான் என்றேன். இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது செத்தான். றுவைஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மச்சான், உங்களோட படம் பார்க்கிறதும் பல்லுக் கழட்டப் போறதும் ஒண்டுதான்" என்றார். கொழும்பிலிருந்து வருகிற விருதுப் படங்கள் இதைவிடக் கேவலம். அவற்றில் கிழக்கில் உள்ளவர்கள் வாயே திறப்பதில்லை. ஒரு பெண் பதினொரு நிமிடம் அரிசி களைகிறாள், மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன், பிறகு எழும்பிப் போய்க் கடலைப் பார்க்கிறாள். எங்கள் ஊர்ப் பெண் அந்தப் பதினொரு நிமிடத்தில் மதிலுக்கு அப்பால் நிற்பவளோடு மூன்று கலியாணத்தையும் ஒரு சண்டையையும் கதைத்து முடித்திருப்பாள். வெளிநாட்டுப் பிள்ளைகளின் குறும்படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு கிழமை லீவில் வந்து, ட்ரோனைப் பறக்கவிட்டு, மேலேயிருந்து ஊரைக் காட்டி ஒரு வயலினையும் போட்டுவிட்டால் துக்கம் வந்துவிடும். மேலேயிருந்து பார்த்தால் எந்த ஊரும் வடிவுதான். இப்படியெல்லாம் ஒரு காலத்தில் பத்திரிகைக்கும் எழுதினேன். ஆசிரியர் கொஞ்சம் இனிப்பாக எழுதச் சொன்னார், நான் நிறுத்திவிட்டேன். எனக்குப் பிறகு அந்தப் பக்கத்தை எழுதியவர் வந்த படம் எல்லாவற்றையும் புகழ்ந்தார், இன்று மேடைக்கு மேடை பொன்னாடை போர்த்துகிறார்கள். போர்த்தட்டும்.

உன் படம் இவை எல்லாவற்றையும் விட நல்லது. அதுதான் எனக்குக் கரைச்சல். ட்ரோன் இல்லை, வயலின் இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு கிண்ணியாத் துறையைக் கடந்த அந்தத் தட்டைப் படகை நாங்கள் பாதை என்று சொன்னோம் என்பதை விளக்கம் சொல்லாமலே காட்டியிருக்கிறாய். அதன் இரும்புத் தட்டு கரையில் உரசுகிற சத்தத்தை எங்கே பிடித்தாயோ, உம்மா அதைக் கேட்டுக் கதிரையைவிட்டு எழும்பிவிட்டா. ஆனால் கடைசிக் காட்சி வருகிறது. உன் தம்பி பிறந்த அந்த நாள். வாப்பா பட்டணத்திலிருந்து வான் வண்டியைக் கொண்டுவந்து அக்கரையில் நிற்கிறார், கையை உயர்த்திக் கத்துகிறார். இந்தப் பக்கத்தில் பாதைக்காரன் வெற்றிலையை மென்றுகொண்டு, மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கயிற்றைக் கட்டுகிறான். பாதை நேரத்துக்கு முன்பே போய்விட்டது, அதனால்தான் பிள்ளை போனது. மண்டபத்தில் எல்லோரும் அழுவார்கள். பெயர் போடவில்லை என்று நீ சொல்லலாம். அந்தக் காலத்துப் பாதைக்காரர் யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஹிஸ்புல்லா காக்கா இப்போதும் பாலத்துக்குக் கிட்டத்தான் இருக்கிறார், எழுபத்தெட்டு வயது. போன வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேர், மகள் பாதையப் பத்திப் படம் எடுத்திருக்காவாம், மெய்தானா? அதில நானும் வாறனா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "ஆர் என்னப் போல நடிச்சது, வடிவான ஆளா?" என்று கேட்டுச் சிரித்தார். பேரப்பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு நகர மண்டபத்துக்கு வரப் போகிறாராம், வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாராம். வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். உம்மா உன் படத்தை மூன்று தரம் பார்த்திருக்கிறா, மூன்று தரமும் அந்த இடம் வந்ததும் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டா. அன்றைக்குத்தான் சொன்னா, "அந்த மனிசன் அப்பிடி இல்லயே. நீங்க ஏன் இன்னும் புள்ளைக்குச் சொல்லாம இரிக்கீங்க?" என்று. இருபத்திரண்டு வருடத்தில் அந்த விடயத்தைப் பற்றி உம்மா என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

ஆகவே சொல்கிறேன். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பொழுதுபடுவதற்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவமாது காலையில் சொன்னாள். ஊரில் இருந்த இரண்டு வானும் கலியாணத்துக்குப் போயிருந்தன. நான் பத்து மணிப் பாதையில் கடந்து பட்டணத்துக்குப் போனேன், வானைக் கொண்டுவந்து, உம்மாவை ஏற்றி, ஆறு மணிக்கு அக்கரையிலிருந்து எடுக்கிற கடைசிப் பாதைக்கு முன்பே திரும்பிக் கடந்துவிடலாம் என்பது திட்டம். வான்காரர் நாலு மணிக்குத்தான் வர முடியும் என்றார். காத்திருக்கிற நேரத்துக்குத் தியேட்டரில் இரண்டரை மணிக் காட்சிக்குப் போனேன், இடைவேளையில் எழும்பிவிடுவேன் என்று. எழும்பவில்லை. வெளியே வான்காரர் ஹோர்ன் அடித்தது எனக்குக் கேட்டது, மகள். கேட்டுக்கொண்டே இருந்தேன். நல்ல படமாக இருந்திருந்தால் ஏதோ ஒரு நியாயம் இருந்திருக்கும். குப்பைப் படம், இரண்டாவது பாட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது எவ்வளவு மோசமாக முடியப் போகிறது என்று பார்க்கத்தான் இருந்தேன். அந்த முடிவு என்னவென்று இன்று வரை எனக்கு ஞாபகமில்லை. சோதனைச் சாவடிகளைத் தாண்டி நான் துறைக்கு வந்தபோது ஆறு இருபத்தைந்து. ஹிஸ்புல்லா காக்கா காலையில் என்னை அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டவர், எதற்குப் போகிறேன் என்று அறிந்தவர். எனக்காக அக்கரையில் இருபது நிமிடம் பாதையை நிறுத்தி வைத்திருந்தார், சனம் ஏசியது, கடைசியில் காவலில் நின்றவர்கள் எடுக்கச் சொல்லி விரட்டியதால்தான் எடுத்தார். அவர் இக்கரைக்கு வந்து ஒரு நிமிடமும் நிற்கவில்லை, ஓடிப்போய் மீன்பிடிக்கிற ஜவ்பரை எழுப்பிப் படகை இறக்க வைத்து, உம்மாவைப் பாயோடு தூக்கி ஏற்றி அக்கரைக்கு அனுப்பியது அவர். உன் தம்பி அந்தப் படகில் பிறந்தான், வானில் சீனன்குடாவைத் தாண்டும்போது மூச்சு நின்றது. நீ காட்டியபடி நான் கரையில் நின்று கத்தியது உண்மை. அதற்கு முந்திய நாலு மணித்தியாலம் உன் படத்தில் இல்லை, ஏனென்றால் உனக்கும் ஊருக்கும் நான் அதைச் சொல்லவில்லை. பாதை நேரத்துக்கு முன்பே போய்விட்டது என்று சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை, ஊரார் முறைப்பாடு கொடுத்தபோது அதை எழுதியது நான், நல்ல தமிழில், ஒரு பிழை இல்லாமல். அவரை வேறு துறைக்கு மாற்றினார்கள், வீட்டுக்குக் கிழமைக்கு ஒரு நாள் வந்துபோனார். ஒரு வார்த்தை எனக்கு எதிராகச் சொல்லவில்லை. நான் பார்த்த எந்தப் படத்திலும் அப்படி ஒரு மனிதனை யாரும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை.

அவரிடம் சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்வேன், தபால் கந்தோருக்குப் போகிற வழியில்தான் அவர் வீடு. உனக்கு நான் சொல்வது இதுதான், அந்தச் சிரிப்பை வெட்டு. திரையிடுகிற திகதியைத் தள்ளிவைத்துவிட்டு வா, இதை நானே உன் கமெராவுக்கு முன் இருந்து சொல்கிறேன், இரண்டாம் தடவை எடுக்க வேண்டி வராது. உன் படத்தில் வாப்பாவாக வருகிறவர் என்னைவிட நல்லவர், நல்ல உயரமும், அவரையும் வெட்டிவிடு. அதற்குப் பிறகு வேறொரு படிவம் அனுப்பு. இப்போது அனுப்பிய படிவத்தை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், கையெழுத்துக் கோட்டுக்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.

அல்லாஹ் உனக்கு நல்ல ஆயுளையும், இருப்பதை இருந்தபடி காட்டுகிற துணிவையும் தரட்டும். உம்மா சலாம் சொல்லச் சொன்னா, மல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிக்கச் சொன்னா, உன் இருமல் தொலைபேசியில் கேட்கிறதாம். வியாழக்கிழமை உம்மாவோடு கட்டாயம் கதை. வழக்கமாக இந்த இடத்தில் உன் வாப்பா என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். இம்முறை வைக்கப் போவதில்லை. சொந்த மகளானாலும் சினிமாக்காரரை நான் நம்பத் தயாரில்லை. இதில் ஒரு கையெழுத்து இருந்தால் அதை எடுத்து அந்தப் படிவத்தில் ஒட்ட உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு அரை மணித்தியாலம் போதும். ஆகவே படிவத்தைப் போலவே கடிதத்தையும் கையெழுத்து இல்லாமலே நாளைக்குத் தபாலில் சேர்க்கிறேன்.