பன்னிரண்டாவது தவணை

என் கோபம் ஆற முதலே போய்விட்ட என் அன்புத் தவராசா,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சட்ட அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் பெரியவரின் பெயருக்குக் கீழே இப்போது என் பெயரும் இருக்கிறது. பதினேழு வருடம் அவருக்குக் கனிஷ்ட சட்டத்தரணியாகக் கோப்புத் தூக்கியவன் போன மாதத்திலிருந்து பங்காளர். ஐம்பது வயதில் வந்த மரியாதை. என்னோடு படித்தவர்கள் கொழும்பில் எப்போதோ இந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள் என்பதை நான் இன்னும் மறக்கவில்லை.

வாழ்த்துக் கேட்டு எழுதவில்லை. நாளை லெட்சுமி அக்காவின் காணி வழக்கு.

உனக்குத் தெரிந்த கதைதான். மலையகத்திலிருந்து வந்து, பூவரசங்குளத்தில் பற்றைக் காட்டை வெட்டி, முப்பது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பியதும் அதே வளவுக்குத்தான். இப்போது வெளிநாட்டிலிருந்து ஒருவர் காணி உறுதிப் பத்திரத்தோடு வந்து காணி தன்னுடையது என்கிறார். எல்லாவற்றையும் கண்ட பக்கத்து வளவுக்காரன் நீ.

பதினொரு தரம் சாட்சி சொல்ல வந்தாய். முதல் பஸ்ஸில் வந்து நீதிமன்ற விறாந்தையில் நிற்பாய். பதினொரு தரமும் பெரியவருக்கு வேறெங்கோ வழக்கு. நான் எழும்பி வழக்கைத் தள்ளிவைக்கத் தவணை கேட்பேன்; அடுத்த திகதி கிடைக்கும். எங்கள் அலுவலகத்தில் கனிஷ்டரின் வேலை அதுதான்.

கடைசி நாள் அத்தனை சனத்துக்கு முன்னால் கேட்டாயே: "டேய் மச்சான், உன்ர வாயில தவணையைத் தவிர வேற ஒண்டும் வராதோ? அந்தக் கறுப்புக் கோட்டைக் கழட்டி லெட்சுமி அக்காட்டக் குடு. அவா உன்னைவிட வடிவாக் கேப்பா."

"அடப் போங்க தம்பி, அது எனக்குப் பத்தாது" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்காக மூன்று மாதம் உன்னோடு கதைக்கவில்லை. நீ இரண்டு தரம் போன் எடுத்தாய், நான் தூக்கவில்லை. பிறகு மாசியில் வயலில் நெஞ்சைப் பிடித்தபடி விழுந்தவன் எழும்பவேயில்லை. நீ சொன்னதற்காகக் கோபித்தேனா, அது உண்மை என்பதற்காகவா?

இனி மிச்சம் ஒரே சாட்சி, ஓய்வுபெற்ற கிராம அலுவலர். அவருக்கும் மூச்சு இழுக்கிறது. மத்தியானம் பெரியவர் போன் எடுத்தார்.

"தம்பி, நாளைக்கு எனக்குக் கொழும்பில வேலை. வழமைபோல ஒரு தவணை எடுத்துவிடும்."

"ஐயா, அடுத்த தவணைக்குச் சாட்சிக்காரர் இருப்பாரோ தெரியாது."

"அதுக்கு? நீர் தனியாப் பேசப் போறீரோ? தோத்தால், பலகையில என்ர பெயரும் இருக்கு. யோசியும்."

"ஓம்" என்றேன். எதற்கு ஓம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இத்தனை வருடத்தில் ஒரு சாட்சியைக்கூட நான் முழுதாக விசாரித்ததில்லை, தெரியுமா? கேள்விகளை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். அக்கா தொடர்ந்து காணியில் இருக்கவில்லை என்று இடம்பெயர்ந்த வருடங்களைத்தான் எதிர்த்தரப்பு பிடிக்கும். திரும்பி வந்த அன்று அக்கா முதலில் தேடிப் போனது தான் நட்ட பலாவை என்று ஒருமுறை சொன்னாய். அதைக் கிராம அலுவலரும் கண்டாரா? நான் தோற்றால் இந்த வயதில் அக்கா எங்கே போவார்? வீட்டில் யாரிடமும் இதைக் கேட்க முடியவில்லை.

பின்னேரம் லெட்சுமி அக்கா வந்தார். "நாளைக்காவது நடக்குமா தம்பி, இல்ல வெள்ளனவே திரும்பிறலாமா?" கிண்டல் இல்லை. ஆடுகளை எவ்வளவு நேரத்துக்குப் பார்த்துக்கொள்ளச் சொல்வது என்று தெரிய வேண்டுமாம்.

நான் சொன்னேன்: "பொழுதுபடும் வரைக்கும் பாக்கச் சொல்லுங்கோ அக்கா."

நான் தோற்கலாம், மச்சான். பலகையிலிருந்து என் பெயரை அவர் கழற்றலாம். ஆனால் நாளை எழும்பும்போது நீ சொன்ன அந்தத் தவணை என்ற சொல் என் வாயில் வராது. இது உனக்குத் தரும் வாக்கு.

நீ கூப்பிட்டபோது போன் தூக்காத மச்சான்,
சிவநேசன்