பத்தொன்பது பேரின் ஊர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிறன்று கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் ஹார்ல்டன் என்ற சிற்றூரைச் சுற்றிப் பார்க்கப் போனேன். பள்ளி, வங்கி எல்லாம் மூடியாயிற்று. மிஞ்சிய ஒரே சாப்பாட்டுக் கடையை ஊரார் முறைவைத்துச் சமைத்துக் காப்பாற்றுகிறார்கள். எவ்வளவு நல்ல மனிதர்கள்! கிளம்பும்போது கார் சேற்றில் புதைந்தது. பயப்படாதீர்கள், ஊரே வந்து தள்ளியது.

“இத்தனை பேரா?” என்றேன்.

“மொத்தமே பத்தொன்பது பேருதாம்மா. ஒருத்தி மட்டும் கடையில அடுப்பைப் பாத்துக்கிட்டிருக்கா,” என்றார் மைரன் என்ற முதிய விவசாயி. “காலி வீடு நிறையக் கெடக்கு. ஒண்ணுல குடி வாயேன், இருபதாயிடுவோம்!”

சிரித்து மழுப்பினேன். ஆனால் திரும்பும் வழியெல்லாம் மனம் வீடு பார்த்துக்கொண்டே வந்தது.

உங்கள் மீன் சூப் செய்முறையை ஒரு ஆளுக்கான அளவில் எழுதி அனுப்புங்கள். நான் வைத்தால் மூன்று நாளைக்கு மிஞ்சுகிறது.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
கிளெனிஸ்