வைத்தி வைத்த பாஸ்வேர்டு

ஆர்.கே.புரம்
8.1.2025

அன்புள்ள மாப்பிள்ளை வைத்திக்கு, அத்தான் பரமசிவம் எழுதுவது.

அய்யா, எப்படி இருக்கே? காது வலி குறைந்ததா? ஆபரேஷன் செய்த காதில் ஒரு மாசம் போனை வைக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டாராமே. உன் அக்கா சுந்தரவல்லி கும்பகோணத்தில் உன்னோடு இருப்பதால் எனக்குக் கவலை இல்லை. ரசம் மட்டும் நீயே கேட்டு வாங்கிக்கொள். கேட்காவிட்டால் அவளுக்கு ஞாபகம் வராது, எனக்கு இருபது வருஷ அனுபவம்.

போனில் எழுத்தைக் குத்த என் விரலுக்குப் பொறுமை இல்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். பக்கத்து மொபைல் கடை அபூர்வா படம் பிடித்து உனக்கு அனுப்பும். அது டெல்லியிலேயே பிறந்த பெண். தமிழ் நன்றாகப் பேசும், படிக்கத் தெரியாது. அதனால் தைரியமாக எதையும் எழுதலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் இந்தப் பனியைச் சொல்ல வேண்டும். காலையில் நம் அச்சுக்கடையைத் திறக்கும்போது மலை மந்திர் கோபுரமே காணோம். முருகன் ஊருக்குப் போய்விட்டாரோ என்று நினைத்தேன். உள்ளே போனால் கம்ப்யூட்டரிலும் ஒன்றைக் காணோம். பச்சைக் குடை போட்டு மூலையில் இருக்குமே ஆன்டிவைரஸ், அந்த இடத்தில் சிவப்பாக ஒரு கேடயம். நீ போட்டுத் தந்த தமிழ் டைப்பிங்கைப் பிடித்து ஜெயிலில் போட்டிருக்கிறது. தமிழ் அடித்தால் இங்கிலீஷ் விழுகிறது. ஹம்சாம்மா பெண் கல்யாணப் பத்திரிகையைத் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கிறது. பொங்கலுக்கு முன்னால் கொடுப்பதாக வாக்கு.

எதிர்க்கடைக்காரன் நாலு நாளாக நம் கடையையே பார்க்கிறான். எனக்கு அவன்மேல் சந்தேகம். அபூர்வாவோ, அது தானாகவே புதுசாக மாறிக்கொண்டது, புதுசை எடுத்துவிட்டுப் பழசைப் போட்டால் சரியாகிவிடும் என்கிறது. ஆனால் எடுக்கவிடாமல் பாஸ்வேர்டு கேட்கிறது. அதை உடனே எழுது.

இப்படிக்கு
பரமசிவம்


கும்பகோணம்
9.1.2025

அன்புள்ள அத்தானுக்கு வைத்தி வணக்கம்.

காது பரவாயில்லை. அது தானாக மாறாதபடி நான் நிறுத்தி வைத்திருந்தேன். நீங்கள் எதையாவது அழுத்தினீர்களா? அந்தப் பெண் எதற்காக நம் கம்ப்யூட்டரில் கை வைக்கிறது? வேறு யாரிடம் சொன்னீர்கள்?

பாஸ்வேர்டு வேண்டாம். இருபதாம் தேதி நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். ஹம்சாம்மாவிடம் பேசிச் சமாளியுங்கள். போன வருஷம் கஸ்தூரிரங்கன் சார் வீட்டில் மாப்பிள்ளை மாறிய சேதி பத்திரிகை அடிக்கும் முன்பே டீக்கடைக்குப் போய்விட்டது. இதுவும் போக வேண்டாம்.

அன்புடன்
வைத்தி


ஆர்.கே.புரம்
9.1.2025, சாயங்காலம்

மாப்பிள்ளை வைத்திக்கு,

நல்லா இரு. நான் அழுத்தியது ஒரே ஒரு பொத்தான். நடுவில் ஒரு கட்டம் வந்து என்னமோ கேட்டது. வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லையே, சரி என்று அழுத்தினேன்.

ஹம்சாம்மா மத்தியானம் வந்து, நாளைக்குள் ஆகாவிட்டால் வேறு இடத்தில் கொடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சங்கடம்.

தமிழ் டைப்பிங் செய்த குற்றம் என்ன என்று அபூர்வாவைக் கேட்டேன். நாம் அழுத்துகிற ஒவ்வொரு எழுத்தையும் அது கூடவே இருந்து பார்த்துத் தமிழாக மாற்றுகிறதாம். கூட இருந்து எல்லாம் பார்க்கிறவன் ஒற்றனாகத்தான் இருப்பான் என்று புதுக் கேடயம் முடிவு கட்டிவிட்டதாம். பாவம், பத்து வருஷமாக உழைத்தது.

ஸ்டேஷனில் நீ என்ன சொன்னாய்? "கடையை உங்க கையில விட்டுட்டுப் போறேன் அத்தான்"னு சொன்னாய். ரயில் போகும்வரை நான் பிளாட்பாரத்தில் நின்றேன். சாவியைக் கொடுத்தவன் பாஸ்வேர்டைக் கொடுக்க மாட்டேன் என்றால், இப்போது எனக்கு எதிர்க்கடைக்காரன்மேல் சந்தேகம் இல்லை. உன்மேல்தான். அதில் அப்படி என்ன இருக்கிறது?

பரமசிவம்


கும்பகோணம்
10.1.2025

அன்புள்ள அத்தானுக்கு,

அக்கா உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைத் திட்டித் தீர்த்தாள். ஒரு காதுதான் கேட்கிறது, அதுவே போதுமாக இருந்தது.

பாஸ்வேர்டு: sivathidamsollathe

இதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது, வெறும் எழுத்துகள். காகிதத்தில் பார்த்து எழுதிக்கொண்டு, அந்தப் பெண் போன பிறகு நீங்களே ஒவ்வொன்றாக அடியுங்கள். பழைய ஆன்டிவைரஸ் டிராயரில், நீலப் பென்டிரைவில் இருக்கிறது.

வைத்தி


ஆர்.கே.புரம்
11.1.2025

அன்புள்ள மாப்பிள்ளை வைத்திக்கு, அத்தான் எழுதுவது.

சௌக்கியமா? அக்கா திட்டியதை மனசில் வைத்துக்கொள்ளாதே. அவள் திட்டினால் சரியாகத்தான் திட்டுவாள்.

நீ சொன்னபடியே பார்த்து எழுதிக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். ஆனால் கீபோர்டு முழுக்க நீ எனக்காகத் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறாயே. அடியில் எந்த இங்கிலீஷ் எழுத்து இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? எனக்கு இங்கிலீஷைக் கூட்டிப் படிக்கவும் வராது. தடவித் தடவி அடித்தேன், இரண்டு முறையும் தப்பு என்றது. கடைசியில் அபூர்வாவைக் கூப்பிட்டேன். அதன் கைக்கு ஸ்டிக்கர் ஒரு பொருட்டே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே அடித்தது, பாதியில் நிறுத்திவிட்டது.

"அங்கிள், இது தமிழ்தான். இங்கிலீஷ் எழுத்துல இருக்கு. படிக்கவா?"

"படிம்மா."

"சிவத்திடம் சொல்லாதே. யாரு அங்கிள் அந்த சிவம்?"

இந்த ஊரில் எல்லோருக்கும் நான் அங்கிள்தானே, அதற்கு எப்படித் தெரியும். "தெரிஞ்சவர்ம்மா, கொஞ்சம் வாய் நீளம்"னு சொன்னேன். "அச்சா"ன்னு சொல்லிவிட்டு மீதியை அடித்தது.

கேடயம் போயிற்று. பென்டிரைவிலிருந்து பச்சைக் குடை வந்து பழைய மூலையில் உட்கார்ந்தது. இனிமேல் கேட்காமல் மாறாதபடி அபூர்வா கட்டிப்போட்டிருக்கிறது. தமிழ் வெளியே வந்தது, ஒரு எழுத்தும் கெடவில்லை. பத்திரிகை அடித்துக் கொடுத்தாயிற்று. கம்ப்யூட்டர் போன வாரம் இருந்த மாதிரியே இருக்கிறது. நான்தான் டீக்கடைக்குப் போய்ப் பேசாமல் குடித்துவிட்டு வந்தேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். என்ன விசேஷம் என்றார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

ஆங், பழசைப் போட்டதும் அது புதுப் பாஸ்வேர்டு கேட்டது. அபூர்வாவை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு நானே வைத்தேன். தமிழ் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் அடித்தேன், இங்கிலீஷில் அது என்ன என்று எனக்கே தெரியாது. எந்தெந்தக் கட்டை என்று தெரியும். நீ வந்தால் வேண்டியிருக்கும். நான் எதைத்தான் சொல்லாமல் இருந்திருக்கிறேன்? எழுதிக்கொள். முதலில் 'ப' ஒட்டியிருக்கிற கட்டை, அதற்கு அப்புறம் மேல் வரிசையில், இரு, ஹம்சாம்மா வாசலில் நின்று கூப்பிடுகிறார், இன்னும் ஐம்பது பத்திரிகை வேண்டுமாம், அபூர்வாவும் இதைப் படம் பிடிக்கப் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறது, மேல் வரிசையில் மூணாவதாக