குச்சியின் தலை பறந்த ஞாயிற்றுக்கிழமை

பேஸ் கிதார் வாசிக்கும் நண்பனுக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுவதால் மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்று நினைத்துவிடாதே. டெட்ராய்ட்டில் பனி அதிகம், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஞாயிறு மதியம் கிளப்பில் வைப்ராபோனின் உலோகப் பட்டைகளை இரண்டு குச்சிகளால் தட்டி வாசித்தேன். "இவன் ஜாஸா வாசிக்கிறான்? அந்த நேரத்துல தோணுறத வாசிக்காம, வீட்லயே மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கிறான்" என்று அன்று எல்லார் முன்னாலும் சொன்னாயே, அதே வாசிப்புதான். பாதியில் வலதுகைக் குச்சியின் உருண்டைத் தலை கழன்று பறந்து, முன்வரிசையில் ஒர்னெட்டா அக்காவின் சூப்புக் கிண்ணத்தில் விழுந்தது.

"ஏன் தம்பி, சூப்புல கறி கம்மின்னா போட்ட?" என்றாள். கிளப்பே சிரித்தது. எனக்கு மனப்பாடம் மொத்தமும் மறந்துபோனது.

"நிக்காதடா, எதையாவது தட்டு!" என்று டிரம்ஸிலிருந்து லூஷியஸ் கத்தினான்.

மிஞ்சிய ஒற்றைக் குச்சியால் அந்தச் சிரிப்பையே தட்டினேன். லூஷியஸ் பதில் கொடுத்தான். பிறகு எங்கெங்கோ போய்வந்தோம். முடித்ததும் ஒர்னெட்டா அக்கா எழுந்து நின்று கூச்சல் போட்டாள், ஒரு கையால் கிண்ணத்தை மூடியபடி.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்க்கிறேன், என்ன வாசித்தேன் என்று ஒரு சுரம்கூட நினைவில்லை. அதை எல்லாரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இதில் என்ன சந்தோஷம் என்று இங்கே யாருக்கும் புரியவில்லை; உனக்குப் புரியும்.

எங்கள் பேஸ்காரனுக்கு அடுத்த மாதம் வேறு ஊரில் வேலையாம். சும்மா சொல்கிறேன்.

உன் பழைய கூட்டாளி