மூன்று கொம்பும் ஒரு திமிலும்

பக்கத்து வீட்டில் இன்று காலை மாடிக்குக் கலவை போடுகிறார்கள். ஈரச் சிமெண்டு வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் அடுப்பிலிருந்த பாலை மறந்துவிட்டேன். பொங்கி வழிந்துவிட்டது. வேலை முடிந்து வரும்போது உங்கள் சட்டையில் அடிக்குமே, அதே வாசனை. அப்போதெல்லாம் "கொல்லையில குளிச்சிட்டு உள்ள வாங்க" என்று விரட்டுவேன். இன்று ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தேன்.

உடனே நினைவுக்கு வந்தது நீங்கள் கட்டிய வீடுகள் எதுவும் இல்லை. அரியலூர்ப் பூங்காவில் நீங்கள் செய்த அந்த மூன்று கொம்பு டைனோசர்தான்.

சுண்ணாம்புக்கல் தோண்டுகிற குழிகளில் கல்லாய்ப் போன நத்தையும் சிப்பியும் கிடைக்கிற ஊர், அதனால் பூங்காவில் ஒரு டைனோசர் நிற்கட்டும் என்று பூங்கா ஆபீசருக்குத் தோன்றியது. உங்கள் கையில் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தார். அதில் இருந்தது முகம் மட்டும், அதுவும் வாய்ப்பக்கம் ஒரே கறுப்பு. கண்ணுக்கு மேலே இரண்டு நீளக் கொம்பு, மூக்கின் மேல் ஒரு குட்டைக் கொம்பு, தலைக்குப் பின்னால் முறம் போல் விரிந்த எலும்பு. "தழை திங்கிறதுதான் கொத்தனாரே, புள்ளைங்க பயப்படாம செய்யுங்க" என்றாராம்.

கொம்பு இருக்கிறது, தழை தின்கிறது, பிறகென்ன? உடம்புக்கு நம் செவலைக் காளையையே அளந்துவிட்டீர்கள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, அது உங்களை இரண்டு தரம் உதைக்கப் பார்த்தது. கம்பி கட்டி, கோழிவலை சுற்றி, கலவை பூசி எழுப்பியதைப் பார்க்க என்னையும் பழுவூரிலிருந்து பஸ்ஸில் கூட்டிப் போனீர்கள். அம்மாடி! முதுகில் திமில், கழுத்தடியில் தொங்கும் தாடி, வால் நுனியில் குஞ்சம். மூக்கில் கயிறு கோக்கத் துளைகூட இருந்தது.

"எதுக்குங்க துளை?"

"இம்மாம் பெருச மூக்கணாங்கயிறு இல்லாம எவன் புடிப்பான்?"

ஆபீசர் அழைத்து வந்த அறிவியல் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆபீசருக்குச் சிரிப்பு வரவில்லை. "உடைச்சிடுங்க. திருச்சியிலேருந்து ஆள வரவழைச்சுக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சோறு வேண்டாமென்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். "ஊரு பூரா நான் கட்டுன வூடுதான். எல்லாத்துலயும் வூட்டுக்காரன் பேருதான் நிக்குது. இது இவன் பண்ணதுன்னு கைய காட்ட ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும்னு பாத்தேன்டி." ஆத்திரம் வந்தால் நான் அழமாட்டேனே, கத்துவேன். "தலை சரியாத்தான வந்துருக்கு? உடம்பத்தான மாட்டுக்குக் குடுத்தீங்க? எந்திரிங்க, அந்தச் சிரிச்ச டீச்சரம்மாவையே போய்க் கேப்போம்" என்றேன்.

பாவம், நல்ல பெண். சிரித்ததற்கு வருத்தப்பட்டு, திறப்பு விழா வரை ஆபீசரிடம் தவணையும் வாங்கித் தந்தார். பூங்காவிலேயே உட்கார்ந்து எல்லாம் சொன்னார். ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்னால் இருந்தது, அதுவும் அமெரிக்கா பக்கம். "அப்ப அசலூர்க்காரனா?" என்றீர்கள். யானைக்கால் மாதிரி தடித்த கால். அடியில் பருத்து நுனியில் மெலிகிற வால். வாய் முன்னால் கிளி மூக்கு, அதால் தழையை வெடுக்கென்று கிள்ளி, கடைவாயில் அடுக்கடுக்காக இருக்கும் பல்லால் நறுக்கித் தின்னுமாம். பெரிய விலங்கு பாய்ந்து வந்தால் கொம்பைக் காட்டி நிற்குமாம். தேய்ந்த பல் விழுந்தால் அடியிலிருந்து புதுப் பல் முளைத்துக்கொண்டே இருக்குமாம்.

நீங்கள் நிமிர்ந்தது அங்கேதான். "அப்ப இத மாட்டுச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போனா, வாயத் தொறந்து பல்லப் பாத்து வயசு சொல்றவன் கதி?" டீச்சர் மறுபடி சிரித்தார். இந்தத் தடவை நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு உயிர் வந்தது.

திமிலில் உளி வைத்தபோதுதான் உங்கள் கை தயங்கியது. செவலைக்கே வலிக்கும் என்பது போல மெல்ல மெல்லத் தட்டினீர்கள். நான் ஜல்லி பொறுக்கினேன், பூச்சு வெடிக்காமல் சாக்கு நனைத்துப் போர்த்தினேன். கிளி மூக்கு வராமல் பூசிப் பூசி வழித்தீர்கள். ஒருவழியாக வந்தது. ஆபீசர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பாராட்டவெல்லாம் இல்லை. "பெயிண்ட் எப்ப?" என்று மட்டும் கேட்டார். திரும்பும் பஸ்ஸில் வழிநெடுக என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டீர்கள், ஊர்க்காரர்கள் எல்லாம் பார்க்க.

விழாவில் பேசியவர்கள் யாரும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. "விடு, நிக்குதுல்ல" என்றீர்கள். நான் விடவில்லை, வீடு வரும்வரை திட்டிக்கொண்டுதான் வந்தேன்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. போன வாரம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறி, அரிசிக் கடைக்குப் போகணும் என்றேன். ஓட்டுகிறவன் சின்ன வயசுக்காரன்.

"கொத்தனார் மாட்டுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயாம்மா?"

"எந்தக் கொத்தனாருப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

"அது யாருக்கும்மா தெரியும். பூங்காவுல மூணு கொம்போட நிக்குதே, அத ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"எங்க வூட்டுக்காரருதான்" என்றேன். வண்டியை ஓட்டிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தான். "ரோட்டப் பாத்து ஓட்டுப்பா, அங்கயே நிறுத்து" என்றேன்.

அரிசிக் கடை அங்கிருந்து இன்னும் நல்ல தூரம். வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இனி எப்போது போனாலும் அங்கேதான் இறங்குவேன்.